ஆச்சா மரமும் நாற்றுப்பையும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சரிவுகளிலும், அஞ்செட்டியை ஒட்டிய பாறைக் காடுகளிலும், மண் ஆழமில்லாத இடங்களில்கூட நெடுநெடுவென்று நிற்கும் ஆச்சாவை அடையாளம் காண அதன் இலை ஒன்றே போதும். காம்பின் நுனியில் இரண்டே சிற்றிலைகள், ஒட்டியும் ஒட்டாமலும் ஆட்டுக் குளம்பின் தடம்போல அமைந்திருக்கும். தாவரவியலார் இதனை ஹார்ட்விக்கியா பைனேட்டா என்பர்; சங்க அகப்பாடல்களில் பிடியின் பசி தீர்க்கக் களிறு பட்டை உரிக்கும் யா மரம் இதுவே என்று கருதுவோரும் உண்டு. யானைகள் நடமாடும் இந்தக் காவிரிக்கரைக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு அது பொருந்தாத கூற்றாகத் தோன்றாது.

இதன் வைரம் கருஞ்சிவப்பாக, தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் வீட்டுத் தூணுக்கும் பயன்பட்டது. பட்டையில் நார் எடுத்துக் கயிறு திரித்தார்கள். தழையை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். அதற்காகக் கிளை கழிக்கும் ஆட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மனக்குறை நடவு விழாக்களைப் பற்றியது.

மரம் நடுவோர் பெரும்பாலும் விரைவில் தழைக்கும் இனங்களையே தேடுகிறார்கள். ஆச்சாவோ முளைத்தவுடன் ஆணிவேரை மண்ணுக்குள் வேகமாக இறக்கிவிட்டு, மேலே சில இலைகளோடு நின்றுவிடும். தண்டு கோடையில் காய்ந்து, மழைக்கு வேரிலிருந்து மறுபடி துளிர்ப்பதும் உண்டு. சில ஆண்டுகள் இப்படியே கழிந்தபிறகுதான் அது உயரத் தொடங்கும். இந்த வேரைச் சிறிய பிளாஸ்டிக் பையில் அடைத்தால் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு பாறைநிலத்தில் நட்ட கன்று, நீரைத் தேடி ஆழத்துக்கு எப்படிப் போகும்? இரண்டாம் ஆண்டில் கன்றைக் காணோம் என்று கணக்கை மூடுவதற்கு முன்னால், வேர் உயிரோடு இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே விதையை நேராக ஊன்றுவதே இதற்கு ஏற்ற வழி. தட்டையான, இறகுபோன்ற காய்கள் கோடையில் முற்றி, நுனியில் ஒற்றை விதையைச் சுமந்தபடி காற்றில் சுழன்று விழும். எல்லா ஆண்டும் நன்றாகக் காய்க்காது என்பதால், காய்ப்பு மிகுந்த ஆண்டில் தாய்மரத்தடியிலேயே பொறுக்கிவைத்து, மழை தொடங்கும்போது கொத்திவிட்ட மண்ணில் ஊன்றலாம். நிலத்தைச் சுற்றி முள் அடைப்பது கட்டாயம். ஆடு கடித்த கன்று மீண்டும் துளிர்க்கும் என்றாலும், ஆண்டுதோறும் கடிபட்டால் அது புதராகவே நின்றுவிடும்.