பிரஷர் பம்ப் பூட்டினால் சுடுதண்ணீர்ச் சிலிண்டரில் என்ன மாறும்?

வன்னியில் அநேக வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் மேல்தாங்கிக்கு ஏறி, அங்கிருந்துதான் குளியலறைக்கு இறங்குகிறது. 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம். 3 மீற்றரில் தாங்கி நின்றால் வெறும் 0.3 பார். ஷவரில் நூல் மாதிரித்தான் விழும். அதனால் விடுதி, மாடிவீடு கட்டுகிறவர்கள் பிரஷர் பம்ப் பூட்டுகிறார்கள். சிலிண்டர் உள்ள இடத்தில் அதைப் பூட்டுமுன் ஒரு விசயம் விளங்கியிருக்கவேணும்.

சிலிண்டர் எப்போதும் நிறைந்தே இருக்கும். குளிர்ந்த தண்ணீர் அடியால் வரும், சூடானது மேலே நிற்கும். பைப்பைத் திறந்தால் அடியால் வருவதன் அழுத்தமே சுடுதண்ணீரைத் தள்ளும். 28 பாகையில் உள்ள 100 லீற்றர் 60 பாகைக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 1.3 லீற்றர் பெருகும். மேல்தாங்கியோடு நேரே இணைந்திருந்தால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. பம்போடு ஒருவழி வால்வும் வரும். அந்த வழி அடைபடும். அழுத்தம் ஏறி, கூடின அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வ் சொட்டும்.

சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது பழுதில்லை. அந்த வாயை அடைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டற் ஒட்டிக்கொண்டு, அளவுமீறிச் சூடேறினால் மின்னை வெட்டும் கட்-அவுட்டும் கைவிட்டால், தண்ணீரைச் சூடாக்கும் கொயில் நிற்காது. அழுத்தத்துக்குள் தண்ணீர் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சிலிண்டர் பிளந்த கணமே அதில் ஒரு பங்கு ஆவியாகிச் சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும். வால்வின் பைப் கீழ்நோக்கிச் சரிந்து, வாய் திறந்தபடி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடியவேணும். சாதாரண பிவிசி வேண்டாம், சூட்டில் இளகும்.

சொட்டை நிறுத்த ஒழுங்கான வழி, ஒருவழி வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில் 8 லீற்றர் விரிவுத் தாங்கி, அதாவது பெருகும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், உள்ளே காற்றடைத்த சிறு தாங்கி. அதன் காற்றழுத்தம் பம்ப் நிற்கும் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கட்டும். நியூசிலாந்தில் குளிர்நீர்ப் பக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் தனி வால்வ் வைக்கிறார்கள்; பெருகியது குளிர்ந்த தண்ணீராகவே வெளியேறும், சூடு வீணாகாது.

கேத்தில் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற ஊரில் கொயிலிலும் அதுவே பிடிக்கும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, கொயில் கருகும்; கடகடவென்ற சத்தம் அதற்கு முன் வரும். ரிலீஃப் வால்வும் சுண்ணாம்பில் இறுகும். 6 மாதத்துக்கு ஒருக்கால் அதன் பிடியைத் தூக்கித் தண்ணீர் பாய விடுங்கள், கை கவனம். தேர்மோஸ்டற் 60 பாகை போதும்: கூட்டினால் படை கூடும், குறைத்தால் லெஜியோனெல்லா கிருமி வளரும். சிலிண்டருக்குப் பதிலாகத் தான் அரிபடும் அனோட் கம்பியை வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கவேணும், அது தேய்ந்து முடிந்தபின் சிலிண்டர்தான் துருப்பிடிக்கும்.

230 வோல்ற்றில் 3 கிலோவோற் கொயில் 13 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் மணிக்கணக்காக ஓடினால் பிளக் கருகும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன், 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச், ஒழுங்கான எர்த். லைன் கடைசியில் 200 வோல்ற்தான் வருகிறதென்றால் அதே கொயில் 2.3 கிலோவோற்றுக்கு இறங்கும். 100 லீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது ஒன்றரைக்கு மேல் போகும். அதைப் பழுதென்று நினைத்துக் கொயில் மாற்றாதீர்கள்.

சிலிண்டரை வெறுமையாக்கிக் கழுவிய பிறகு, சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு நிரப்புங்கள். காற்றுச் சீறாமல் தண்ணீர் ஒரே சீராக விழுந்தபின்தான் சுவிச்சைப் போடவேணும்.