மீண்டும் வர வைப்பவரும் மீண்டு வர உதவுபவரும்

கேம் டெவலப்பர் வேலையையும், கல்ட் குழுக்களிலிருந்து (ஆளை முழுதாகத் தன் பிடியில் வைத்திருக்கும் குழுக்கள்) வெளியே வந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் தெரபிஸ்ட் வேலையையும் ஒரே பதிவில் எழுதினால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகத்தான் தோன்றும். ஆனால் முடிச்சு இருக்கிறது. ஒரு மனிதர் ஏன் திரும்பத் திரும்ப ஓர் இடத்துக்கு வருகிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புறாவோ எலியோ பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தீனி விழுந்தால், தீனி நின்றதும் அழுத்துவதும் சீக்கிரம் நின்றுவிடும். எப்போது விழும் என்றே தெரியாதபடி விழுந்துகொண்டிருந்தால், நின்ற பிறகும் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருக்கும். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் 1957-ல் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். டெவலப்பர் இதை வைத்து, திறந்தால் என்ன பரிசு வரும் என்று தெரியாத புதையல் பெட்டியைக் கேமில் செய்கிறார். ஒரு நாள் அன்பு மழை, மறுநாள் காரணமே சொல்லாத பாராமுகம் என்று ஒரு குருவின் காலடியில் பல வருடம் கிடந்தவரிடம் தெரபிஸ்ட் பார்ப்பதும் இதே பொறிதான்.

முதலில் பெட்டியின் கணக்கு. ஓர் அரிய வாள் கிடைக்கும் வாய்ப்பை 5 சதவீதம் என்று வைத்தால், சராசரியாக 20 முறைக்கு ஒன்று கிடைக்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 20 முறை திறந்தும் கிடைக்காதவர்கள் சுமார் 36 சதவீதம். 60 முறை திறந்தும் கிடைக்காதவர்கள் 10,000 பேரில் ஏறக்குறைய 460 பேர். கோடில் எந்தப் பிழையும் இல்லாமலேயே அந்த 460 பேரும் "கேம் ஏமாற்றுகிறது" என்று எழுதுவார்கள். இதற்கு வழி, ஒவ்வொரு தோல்விக்கும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுவது, அல்லது 40-வது முறை கட்டாயம் கிடைக்கும் என்று எண்ணி வைப்பது. பெட்டியைப் பணத்துக்கு விற்றால் கதை வேறு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் அப்படிச் சில பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

தினசரி வருகைப் பரிசும் இதே மாதிரி கூர்மையான கத்தி. 29 நாள் வந்தவர் 30-வது நாள் வராவிட்டால் கணக்கைப் பூஜ்யமாக்குவது பயத்தை வைத்து ஆளைப் பிடிப்பது. மாதத்தில் எந்த 20 நாள் வந்தாலும் போதும் என்று வைத்தால் பரிசும் கெடாது, காய்ச்சலில் படுத்தவர் தண்டனை பெறவும் மாட்டார்.

ஆனால் டெவலப்பரின் பெரும்பாலான நாட்கள் உளவியலில் கழிவதில்லை, மில்லிசெகண்டில் கழிகின்றன. திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். இயற்பியல், எதிரிகளின் நகர்வு, ஒலி, படம் வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் சி ஷார்ப் மொழியில் கோடு எழுதுபவர்கள் சுடும்போதெல்லாம் புதிய தோட்டாவை உருவாக்கி அழித்துக்கொண்டிருப்பார்கள். குப்பை சேர்ந்து, அதை மெமரியிலிருந்து அள்ளும் நேரத்தில் திரை ஒரு கணம் திக்கும். 50 தோட்டாக்களை முதலிலேயே செய்து வைத்து, மறைத்தும் காட்டியும் மறுபடி பயன்படுத்தினால் அந்தத் திக்கல் போய்விடும். எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளக்கும் புரொஃபைலரை எடிட்டருக்குள், அதாவது கேமைச் செய்யும் கணினியிலேயே, ஓட்டி நிம்மதி அடையக் கூடாது. குறைந்த திறனுள்ள போனில், பில்ட் (நிறுவி ஓட்டக்கூடிய கேம்) எடுத்து, 20 நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். போன் சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3 நிமிடச் சோதனையில் அது தெரியவே தெரியாது.

வேலை தேடுபவர்களுக்கு ஒன்று மட்டும்: பாதியில் நிற்கும் பெரிய கேமைவிட முடிந்துபோன மூன்று சிறிய கேம்கள் மேல். மெனு, சேவ், ஒலி அமைப்பு, ஆட்டத்தை இடையில் நிறுத்தும் வசதி ஆகியவை தின்னும் நேரம் ஒரு முறை முடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். குழுவாகச் செய்திருந்தால் எது உங்கள் கைவேலை என்று தெளிவாக எழுதுங்கள்.

பிளேடெஸ்டில், அதாவது பிறரை விளையாடவிட்டுப் பார்க்கும் சோதனையில், வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு தனிக் கலை. விளையாடுபவர் கதவைத் தேடித் திணறும்போது "இடது பக்கம்" என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். "பிடித்திருந்ததா?" என்ற கேள்வியும் வீண்தான். "இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

தெரபிஸ்டுக்கு இதே மௌனம் இன்னும் கனமானது. உளவியல் ஆலோசனையிலோ மருத்துவ உளவியலிலோ பட்டம், அந்தந்த நாட்டின் உரிமம், மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி எல்லாம் முடித்து வந்தவரும் தவறும் இடம், தானே அடுத்த குருவாகிவிடுவது. எதிரே இருப்பவர் கீழ்ப்படிந்தே பழகியவர். "அந்த ஆட்களோடு பேசாதீர்கள்" என்றால் உடனே கேட்டுக்கொள்வார். அதைக் குணமடைதல் என்று எண்ணி மகிழ்ந்தால் போச்சு. எந்த நாற்காலி, கதவு திறந்திருக்கட்டுமா, இன்று எதைப் பேசலாம் என்ற சின்ன முடிவுகளிலிருந்தே தேர்வு அவர் கைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 1970-களில் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் குழுக்களிலிருந்து கடத்திவந்து, அறையில் அடைத்து மனம் மாற்ற முயன்றார்கள். ஒரு வற்புறுத்தலுக்கு மேல் இன்னொன்று. அது நீதிமன்ற வழக்குகளில் போய் முடிந்தது.

முதல் சில சந்திப்புகளில் பழைய காயத்தைக் கிளறவே கூடாது. படுக்க இடம் உண்டா, தூக்கம் வருகிறதா, அடையாள ஆவணங்கள் யார் கையில், பாஸ்வேர்டுகள் குழுவுக்குத் தெரியுமா, பிள்ளைகள் இன்னும் உள்ளே இருக்கிறார்களா? இவைதான் முதல் கேள்விகள். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் வகுத்த வரிசையும் பாதுகாப்பு, பிறகு நினைவும் துக்கமும், பிறகு மீண்டும் உலகோடு சேர்வது என்றுதான் போகிறது.

பல தெரபிஸ்டுகள் அறியாமல் செய்யும் தவறு ஒன்று: "கண்ணை மூடி, மூச்சைக் கவனியுங்கள்." மணிக்கணக்கில் மந்திரம் சொல்லவைக்கப்பட்டவருக்கு அதுவே பழைய மயக்கத்தின் வாசல். கண் திறந்தே இருக்கட்டும்; பாதம் தரையில் அழுந்தட்டும்; அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லட்டும். ஒரு பாட்டோ வாசனையோ பட்டதும் மனம் குழுவுக்குள் திரும்பிப்போய் மிதக்கும். எப்போது, எது தூண்டியது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று மூன்று நெடுவரிசையாக நோட்டில் எழுதிவந்தால், சில வாரங்களில் தூண்டுபவை எவை என்று பிடிபடும்.

மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், சீனாவின் சிந்தனைச் சீர்திருத்தத்தை (வற்புறுத்தி மனதை மாற்றும் முறை) ஆராய்ந்து 1961-ல் சொன்ன எட்டுக் கூறுகளில், சிகிச்சை அறையில் அதிகம் உதவுவது மொழியைப் பற்றியது. குழுவின் சொல் யோசனையை நிறுத்தும் பூட்டு. "நான் அகங்காரத்தில் விழுந்தேன்" என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னால், "களைத்துப்போய், இன்று வேலை செய்ய மாட்டேன் என்றேன்" என்று வரும். தெரபிஸ்ட் அந்தக் குழுச்சொல்லைத் தன் வாயில் எடுக்கக் கூடாது.

குழுவுக்குள்ளேயே பிறந்தவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. திரும்பிப்போகப் பழைய 'நான்' அவர்களுக்கு இல்லை. வங்கிக் கணக்கு திறப்பதிலிருந்து எல்லாமே புதிது.

கேம்களே கல்ட்தான் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேம் உங்கள் திருமணத்தை முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது கேமிங் கோளாறு அதில் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு, விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அது பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வெறும் அதிக நேர ஆட்டம் அதில் சேராது. இருந்தாலும், "30 நாள் வராமல் போனால் இவர் எதை இழப்பார்?" என்ற கேள்வியை டெவலப்பர் தன் டிசைனிடம் கேட்கலாம். தெரபிஸ்ட் ஒரு குழுவை எடைபோடக் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்: வெளியே போனவரைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள்?

சிகிச்சை முடியும் விதத்திலும் இது வருகிறது. விலகுவது என்றாலே சாபம் என்று கேட்டு வளர்ந்தவரிடம் "அடுத்த வாரம் வேண்டாம்" என்று திடீரென முடிக்க முடியாது. பல சந்திப்புகளுக்கு முன்பே பேச்சைத் தொடங்கி, வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று இடைவெளியை நீட்ட வேண்டும். கடைசித் தேதியை அவரே குறிக்கட்டும். குறித்த பிறகு மாற்றினாலும் சரி.