பாசிங் நாட்குறிப்பு: ஸ்ரீவியும் கோவில்பட்டியும் வந்திருக்கிறார்கள்

11 அக்டோபர் 2025, சனி

நான் இருப்பது ஜெர்மனியில், மியூனிக் நகரத்தின் பாசிங் பகுதியில். மியூனிக் விமான நிலையத்தில் மாலை ஆறரையிலிருந்து நின்றேன். எட்டேகாலுக்குத்தான் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகுதான் வண்டியைப் பார்த்தேன், ஒரே ஒரு பெட்டி இருந்தது. கோவில்பட்டியின் பெட்டி வந்துவிட்டது, ஸ்ரீவியுடையது வரவில்லை.

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் எங்கள் செட்டில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தோம். அதனால் ஊர்தான் ஆளுக்குப் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஸ்ரீவி, நான் செங்கோட்டை. கல்யாணங்களில் பார்த்துக்கொண்டது உண்டு. ஆனால் மூன்று பேரும் ஒரு கூரைக்கடியில் தூங்கிப் பதினேழு வருடம் ஆகிறது.

பெட்டி வராவிட்டால், அந்த ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுண்ட்டரில் புகார் கொடுத்து எண் வாங்கிவிட வேண்டும். உள்ளே வைஃபை கிடைத்ததும் அவர்கள் எனக்குச் செய்தி அனுப்பியது நல்லதாகப் போயிற்று, அப்படியே செய்யச் சொன்னேன். புகார் எண்ணும் பெட்டியின் ஸ்டிக்கரும் ஸ்ரீவியின் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

அந்தப் பெட்டியில்தான் தீபாவளிச் சாமான் மொத்தமும். பால் பண்டங்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அவளிடம் போய் பால்கோவா வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் செக்கு நல்லெண்ணெய், சீயக்காய், அவள் அம்மா கிண்டிய லேகியம் எல்லாம் கட்டி எடுத்து வந்திருக்கிறாள்.

12 அக்டோபர், ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் கிடையாது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் சில திறந்திருக்கும். ஸ்ரீவிக்கு என் ஸ்வெட்டர், என் காலுறை, என் நைட்டி. வெளியே ஒன்பது டிகிரி.

காலை எழுந்ததும் அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. தைராய்டு மாத்திரையும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறதாம். ராத்திரி சொன்னால் நான் தூங்கமாட்டேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

இங்கே மருந்துக்கடைகளுக்கு முறை உண்டு. ஞாயிறும் இரவும் எந்தக் கடை திறந்திருக்கும் என்று எல்லா மருந்துக்கடை வாசலிலும் எழுதியிருப்பார்கள். இன்றைய கடைக்கு நடந்தே போனோம். கதவு திறக்காது, சன்னல் வழியாகத்தான் பேச்சு. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரமுடியாது என்றார் அங்கிருந்த அம்மா. சொல்லிவிட்டு, எத்தனை மைக்ரோகிராம், எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறாள், கர்ப்பமா, இதயத்தில் ஏதும் தொந்தரவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், இரண்டொரு நாள் விட்டுப்போனால் பயப்பட வேண்டாம், நாளைக்கு மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல ஸ்ரீவியின் பிடி என் கையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு: மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். சீட்டின் நகலையும் வையுங்கள்.

13 அக்டோபர், திங்கள்

சீட்டு கிடைத்தது, மாத்திரையும் கிடைத்தது. பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கோட்டு, உள்ளாடை, செருப்பு என்று வாங்கிய எல்லாவற்றுக்கும் ரசீது எடுத்து ஒரு கவரில் போட்டிருக்கிறேன். தாமதமான பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்டால்தான் அந்தப் பணத்தைக் கோர முடியும்.

16 அக்டோபர், வியாழன்

எனக்கு ஆபீஸ். அவர்களே நகர நடுவில் இருக்கிற மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போய், பதினோரு மணிக்கு மணிக்கூண்டு பொம்மைகள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாலை நான் வரும்போது சாதம் வடித்து, ரசம் வைத்து, என் அடுக்களை முழுவதையும் மாற்றி அடுக்கியிருந்தாள் கோவில்பட்டி. உப்பு எங்கே இருக்கிறது என்று என் வீட்டில் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ரொம்பப் பிடித்திருந்தது.

18 அக்டோபர், சனி

டேகர்ன்சே ஏரிக்குக் கிளம்பினோம். மியூனிக் இருக்கிற மாநிலத்தின் பெயரில் பவேரியா டிக்கெட் என்று ஒன்று உண்டு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், ஒரு நாள் முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம். அது என் ஃபோனில். அவர்கள் இரண்டு பேருக்கும் இங்கத்து சிம் இல்லை, என் ஃபோனிலிருந்துதான் இணையம். மலையேறப் போகிற கூட்டம் பிளாட்பாரம் நிறைய. ரயில் கிளம்பப் போகிறது என்று ஓடினோம். அவர்கள் ஒரு கதவில் ஏறினார்கள், நான் அடுத்த கதவில். ஒரே ரயில்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரே ரயில் இல்லை. ஹோல்ஸ்கிர்ஷன் வரை ஒன்றாகப் போகும், அங்கே ஒரு பகுதி பிரிந்து பைரிஷ்ட்செல் பக்கம் போய்விடும். மிச்சம் ஷாஃப்ட்லாக்கில் மறுபடி இரண்டாகப் பிரியும். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. எட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிற நான் இதை வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹோல்ஸ்கிர்ஷனில் இறங்கி அவர்கள் ஏறிய பகுதிக்குப் போகலாம் என்று கதவை நோக்கி நகர்கிறேன், முன்னால் நாலு முதுகுப்பை. வெளியே வருவதற்குள் கதவு மூடிவிட்டது. ஃபோன் அடித்தால் போகவில்லை. டிக்கெட் இல்லை, இணையம் இல்லை, மொழி இல்லை. ஷாஃப்ட்லாக்கில் இறங்கித் திரும்பி வருகிற ரயிலுக்காக நின்றபோது கைகால் ஓடவில்லை.

அப்போது அம்மா கூப்பிட்டாள், செங்கோட்டையிலிருந்து. அங்கே மதியம் இரண்டரை, படுத்திருக்கிற நேரம்.

"ஏட்டி, ஒன் கூட்டாளிய ரெண்டு பேரும் சிலியர்சேன்னு ஒரு ஊர்ல நிக்காளுவளாம். அங்கனயே நிக்கோம், அசையமாட்டோம்னு சொல்லச் சொன்னாளுவ."

நடந்தது இதுதான். சன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது என்று இறங்கியிருக்கிறார்கள். என்னைக் காணவில்லை. பெஞ்சில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் ஃபோனை நீட்டியிருக்கிறார். என் ஜெர்மன் எண் யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஆனால் செங்கோட்டை வீட்டுத் தரைவழி எண் கோவில்பட்டிக்கு மறக்கவில்லை. ஹாஸ்டல் நாட்களில் லீவு விட்டால் அந்த எண்ணுக்குத்தான் அடிப்பாள். அந்த இணைப்பு இன்னும் இருப்பதற்கு அம்மாவின் பிடிவாதம்தான் காரணம். இரண்டு வருடமாக எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்லமாட்டேன்.

நான் ஷ்லீர்சே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணும் கிளம்பாமல் இருந்தார். நாய்க்குத் தர ஒன்றும் இல்லையே என்று ஸ்ரீவி வருத்தப்பட, அந்தப் பெண்ணுக்குக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தாள் கோவில்பட்டி.

டேகர்ன்சேயைப் பார்க்கவில்லை. ஷ்லீர்சே சின்ன ஏரி, சுற்றிவர இரண்டு மணி நேரம். மரமெல்லாம் மஞ்சள். அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து கைதட்டிக் கூப்பிடுகிறார். அவர் ஹாலில் ஸ்ரீவியின் பெட்டி!

பெட்டியை அடுக்களைத் தரையில் வைத்துத் திறந்தோம். சாம்பிராணி வாசனைதான் முதலில் வந்தது. பழைய சுங்குடிச் சேலையை உருட்டிச் சுற்றியதற்குள் எவர்சில்வர் தூக்கு. மூடியைச் சுற்றி மூன்று சுற்று செல்லோடேப், அதன் மேல் ரப்பர் பேண்ட். ஒரு சொட்டு எண்ணெய் வெளியே வரவில்லை. ஸ்ரீவி தரையில் உட்கார்ந்து அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

இங்கே இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் போடக் கூடாது. அதனால் ஐந்து மணிக்கே எழுந்தாலும் எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொண்டு காத்திருந்தோம். கோவில்பட்டி எனக்குத் தேய்த்துவிட்டாள். ஹாஸ்டல் மாடியில் தேய்த்த அதே அழுத்தம், உச்சந்தலையில் இரண்டு தட்டு. ஆறு அடித்ததும் ஒவ்வொருவராகக் குளித்தோம்.

பட்டாசு புத்தாண்டுக்கு மட்டும்தான் இந்த நாட்டில். ஆனால் கம்பி மத்தாப்புக்கு வருடம் முழுக்க அனுமதி உண்டு. பிறந்தநாள் சாமான் விற்கிற கடையில் வாங்கி வைத்திருந்தேன். ஜெர்மன் பெயருக்கு அதிசய மெழுகுவர்த்தி என்று அர்த்தம். ஏழு மணிக்கும் நல்ல இருட்டு, சூரியன் வர ஏழரைக்கு மேல் ஆகும். பின்கட்டில் மூன்று பேரும் கொளுத்தினோம். கீழ்வீட்டுப் பாட்டி கோட்டை மாட்டிக்கொண்டு வந்து தனக்கும் ஒன்று கேட்டார். லேகியமும் சாப்பிட்டார். இஞ்சி, மிளகு, ஓமம் என்று சொன்னதும் இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டார்.

22 அக்டோபர், புதன்

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றோம். 1869-ல் கட்டத் தொடங்கி, முடியாமலே 1886-ல் இறந்துபோனார் பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக். ஏழே வாரத்தில் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்களாம். "பாவம், ஒரு கூட்டாளி இல்ல போல" என்றாள் ஸ்ரீவி. வரும் வழியெல்லாம் அவரைப் பற்றியேதான் பேசினோம்.

26 அக்டோபர், ஞாயிறு

மதியம் விமானம். பெட்டியெல்லாம் நேற்றே கட்டியாயிற்று, மாத்திரை கைப்பையில்.

ராத்திரி தூங்கவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், மூன்று மணி ஆகும்போது இரண்டு ஆகிவிடும். ஸ்ரீவி நம்பவே இல்லை. அடுக்களை மேசையில் என் ஃபோனை நிறுத்திவைத்து, ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காப்பியோடு மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2:59. அப்புறம் 2:00.

"ஏட்டி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குட்டி" என்று சொல்லிவிட்டுக் கோவில்பட்டி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.