சாட்சி கேட்டதா, நான் கேட்டதா

வழக்குத் தவணைக்கு முதல் நாள் மாலை, பயிற்சிக்காக ஜூனியர் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்ய, நான் சாட்சியாக உட்காருவது எங்கள் சேம்பர் வழக்கம். அன்று நான் ஓய்வுபெற்ற நொத்தாரிசு, அதாவது காணி உறுதிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி ஒப்பமிடப்படும்போது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை என்பதே எங்கள் தரப்பு வாதம்.

அவள் நன்றாகவே கேட்டாள். “இரண்டாவது சாட்சி வந்து சேர்ந்தபோது முதலாமவர் எங்கே?” எனக்குப் பதில் வரவில்லை. உடனே நொத்தாரிசின் சிரிப்போடு, “மகள், இந்த உறுதியை நீங்களே வாசித்தீர்களா, யாராவது வாசித்துச் சொன்னார்களா?” என்றேன்.

உறுதி சிங்களத்தில் இருந்தது. அவள் கிளிநொச்சிப் பிள்ளை. நகலில் சிங்கள வரிகளுக்கு மேலே பென்சிலால், தமிழ் எழுத்தில், உச்சரிப்பைப் பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தாள். அதை நான் முன்பே பார்த்திருந்தேன்.

அவள் கோவையை மூடவில்லை, கண் கலங்கவுமில்லை. “அதைச் சாட்சி கேட்டாரா, சேர், நீங்கள் கேட்டீர்களா?” என்றாள். “சாட்சிதான்” என்றேன்.

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு சிங்களத்தில்தான் நடக்கிறது. அங்கே ஒரு சாட்சி இதைவிடக் குரூரமாகக் கேட்கலாம். முதல் அடி என்னிடம் விழட்டுமே என்பது என் பக்க நியாயம். ஆனால் அந்தச் சாட்சிக்குப் பென்சில் எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும்.

பாடசாலை நாட்களில் ஸ்டப்ஸ் கேடயப் போட்டிக்காக நானும் குத்துச்சண்டை பழகியவன். ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. போட்டிக் கையுறையைவிடக் கனத்த 16 அவுன்ஸ் கையுறை. தோழனுக்கு விலா வலிக்கிறது என்று தெரிந்தால் அங்கே குத்தக்கூடாது என்பார் பயிற்சியாளர். அவரே, மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தால் நடனம் பழகப் போ என்றும் திட்டுவார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று அவர் சொல்லித்தரவில்லை. தலைக்கவசம்கூட வெட்டுக்காயத்தைத் தடுக்குமே தவிர, உள்ளே மூளை குலுங்குவதை அவ்வளவாகத் தடுக்காது. சொல்லுக்கு அந்தக் கவசமும் கிடையாது. அல்லது, பதில் வராத கோபத்தில் கேட்டுவிட்டு இப்போது குத்துச்சண்டையை இழுக்கிறேனோ? இல்லை, கேள்வி வழக்குக்குப் பொருத்தமானதுதான்.

மறுநாள் நீதிபதி விடுமுறை. வழக்கு தள்ளிப்போனது. ஆகவே அந்தக் குத்து அவளுக்கு உதவியிருக்குமா என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று.

அடுத்த தவணைக்கான பயிற்சிக்கு என்னை அவள் கூப்பிடவில்லை. பக்கத்து மேசைத் தம்பியை நொத்தாரிசாக உட்கார வைத்திருக்கிறாள். அது அவள் விருப்பம், எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்தத் தம்பி கேட்டதற்கெல்லாம் “ஆம், ஆம்” என்றுகொண்டிருக்கிறான். எந்த நொத்தாரிசு அப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறார்?