பேச்சைக் குறைக்கும் வேலை: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3

இளையோர் குழுக்களை நடத்தும் நாம், கேள்வி கேட்டபின் எத்தனை வினாடி பொறுக்கிறோம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவதும் குறைந்தது. காத்திருக்க வேண்டிய இடம் இரண்டு: கேள்விக்குப் பின், பதிலுக்குப் பின். பெரியவர்கள் சறுக்குவது இரண்டாவதில். பதில் முடிந்த கையோடு "சபாஷ்" என்று சொல்லிவிட்டால், அடுத்து வரவிருந்த "ஆனா..." தொண்டையிலேயே நின்றுவிடும்.

மனசுக்குள் எண்ணிக்கொள்வது நல்லது. கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்பது கெடுதல்; யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து வினாடி தாண்டியும் அமைதி நீடித்தால் அது பெரும்பாலும் கூச்சம். இருவர் இருவராக 2 நிமிடம் பேசவிட்டு, "உங்க ஜோடியில என்ன வந்துச்சு?" என்று கேட்கலாம். சொல்வது தன் கருத்து மட்டுமல்ல என்றானதும் பயம் பாதியாகிறது.

ஜூன் 11

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கு கொடுக்கவே கூடாது. முதல் சந்திப்பிலேயே, யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே, எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: "உனக்கு யாராவது தீங்கு செய்தாலோ, நீயே உனக்குச் செய்துகொள்ள நினைத்தாலோ, உன்னால் இன்னொருவருக்கு ஆபத்து என்றாலோ நான் சொல்லியாக வேண்டும். முடிந்தவரை யாரிடம் சொல்கிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்." இதையே பிறகு சொன்னால் துரோகமாகத்தான் தெரியும்.

அப்படி ஏதாவது வெளிவந்தால் குறுக்கு விசாரணை வேண்டாம். "அவர்தானே செய்தார்?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், பிற்பாடு அந்தப் பிள்ளையின் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். "என்ன நடந்துச்சுன்னு சொல்றியா?" என்பது போதும். அன்றே, அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவைத்து, பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே சேர்க்க வேண்டும். நம் ஊகம் அந்தத் தாளில் ஏறக்கூடாது.

ஜூன் 12

குழு விதிகள்: ஐந்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. "மரியாதை" என்று எழுதுவதில் பயனில்லை. "ஒருவர் பேசும்போது போனைப் பார்ப்பதில்லை" என்றால் கண்ணுக்குத் தெரியும். நமக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 20

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளரின் பங்கேற்பு ஏணியை (யுனிசெஃப் வெளியீடு, 1992) மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு வேலையில் பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு தருகிறோம் என்பதைப் படிப்படியாகக் காட்டும் படம் அது. எட்டுப் படிகள். கீழ் மூன்றும் பங்கேற்பே அல்ல: பிள்ளைகளைக் கருவியாக்குவது, மேடை அலங்காரமாக வைப்பது, பெயருக்குக் கருத்துக் கேட்பது. எல்லா வேலையையும் எட்டாம் படிக்கு ஏற்ற வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஹார்ட் அப்படிச் சொல்லவில்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறைப்பதுதான் கோளாறு.

அதனால் கூட்டம் தொடங்கும்போதே பலகையில் இரண்டு கட்டம். ஒன்றில் முடிவாகிவிட்டவை: தேதி, செலவு வரம்பு. மற்றதில் அவர்கள் கையில் இருப்பவை: தலைப்பு, யார் பேசுவது, எப்படி நடத்துவது. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அது ஆலோசனைக் கூட்டம் அல்ல, அறிவிப்பு. அறிவிப்பென்றே சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பதை இளையோர் ஒரே தடவையில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஜூன் 27

அமர்வு முடிந்ததும் 10 நிமிடம், மூன்று பத்தி: பார்த்தது, ஊகித்தது, அடுத்த முறை மாற்றுவது. "ஆர்வமில்லை" என்பது இரண்டாவது பத்திக்கு. "மூன்று முறை வாசலைப் பார்த்தான்" என்பது முதலாவதுக்கு. காரணம் பஸ் நேரமாகக்கூட இருக்கலாம். பெயர்கள் வேண்டாம், குறியீடு போதும்.

தாளின் ஓரத்தில், யார் எத்தனை முறை பேசினார்கள் என்று கோடு போட்டு எண்ண வேண்டும். நமக்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைதான் பெரும்பாலும் தாளுக்கு வெளியே போகும்.