டு லிவ் பார்க்காதவங்க பார்த்துடுங்க

சீன இயக்குநர் ஜாங் யீமோ எடுத்த "டு லிவ்" (1994) படம் பார்த்துட்டு மனசு ஒரு நிலையில இல்லங்க. 1940கள்ல சூதாட்டத்துல வீட்டையே தோத்துடுறான் ஃபூகுய், பொழப்புக்கு பாவைக்கூத்துப் பெட்டியத் தூக்கிட்டு ஊர் ஊராப் போறான், அப்புறம் கம்யூனிஸ்ட் புரட்சி வந்து அந்த வீட்டை ஜெயிச்சவனை எதிர்ப்புரட்சிக்காரன்னு சுட்டுக் கொல்றாங்க, வீடு கைவிட்டுப் போனதாலதான் இவன் உசுரு தப்புச்சு. 1958ல இரும்புச் சாமானெல்லாம் உருக்கி எஃகு பண்றோம்னு ஊரே தூக்கமில்லாம கெடக்கு, அந்தக் கூத்துல பையன் போயிடுறான்.

என்னைய உலுக்குனது ஆஸ்பத்திரி சீன்தான். கலாச்சாரப் புரட்சி நேரம் (மாவோ காலத்துல படிச்சவங்களையெல்லாம் வேட்டையாடுன சமயம்), ஃபூகுய் பொண்ணுக்குப் பிரசவம், டாக்டருங்கள எல்லாம் பிற்போக்குவாதின்னு அடைச்சுட்டாங்க, டூட்டியில இருக்குறது ஸ்டூடண்ட்ஸ். ரத்தம் நிக்கல. பட்டினி கெடந்த டாக்டரைத் தேடிப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தும் அவரால எழுந்து நிக்கக்கூட முடியல. அங்க வில்லன்னு ஒருத்தனும் இல்ல, அதான் இன்னும் வலிக்குது.

ஃபூகுயா நடிச்ச கே யூவுக்கு கான் திரைப்பட விழாவுல சிறந்த நடிகர் விருது குடுத்தாங்க, ஆனா கோங் லி ஃபூகுய் பொண்டாட்டியா, அந்தப் பிள்ளைங்களோட அம்மாவா வாழ்ந்திருக்காங்க, எனக்கு அவங்கதான் ஒரு படி மேல. சீனாவுல இந்தப் படத்தையே தடை பண்ணிட்டாங்க.