மணியடிச்சான் பாறையில் ஒரு விடியற்காலை

கோயில் வரி பாக்கியைத் தீர்த்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதிப்பேன் என்று எங்கள் பங்குச்சாமி சொன்ன நாளில், அப்பாவின் உடல் வீட்டு நடையில் கிடந்தது. அண்ணன் பணம் புரட்டக் கடைத்தெருவில் அலைந்துகொண்டிருந்தான். அதன் பிறகு ஞாயிறு பூசைக்குப் போகிறேன், செபமாலையும் சொல்கிறேன். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்காக எந்தச் சாமியார் முன்னும் முழந்தாளிட மட்டும் மனம் வரவில்லை.

இந்தக் கனத்தோடுதான் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலைக்குப் போனேன். கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட மலை அது. கணவாய்க் காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. கீழே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

நீலகண்டன் என்ற பெயரில் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர், இழப்புகளால் மனம் நொந்திருந்தபோது, அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் ஒரு குருவானவர் அல்லர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின்பு மார்த்தாண்டவர்மாவின் படையிலேயே பணியாற்றிய டச்சுத் தளபதி டிலனாய். யோபுவோ கடவுளிடம் நேருக்கு நேர் நின்று நியாயம் கேட்டவர். கடவுளுக்காக வழக்காடுவதாக நினைத்து அவரைக் குற்றவாளியாக்கிய நண்பர்களைத்தான் இறுதியில் கடவுள் கண்டிக்கிறார். அப்பா இறந்த மாதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த ஆகமத்தைத்தான்.

தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் ஒரு சேசு சபைக் குருவின் கையால் திருமுழுக்குப் பெற்றார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அதே ஊரில் பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. சுவருக்கு இடம் கொடுத்தவர்களும் சாமியார்கள்தாம், இடிக்கச் செய்தவர்களும் சாமியார்கள்தாம். ஆகவே அங்கியைப் பார்த்து நம்பவும் என்னால் முடியவில்லை, அங்கியைப் பார்த்து வெறுக்கவும் முடியவில்லை.

உரோமை அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15 அன்று. ஆனால் கோட்டாறு சவேரியார் கோயிலில் உள்ள அவருடைய கல்லறையிலும் இந்த மலையிலும் எங்கள் பாட்டிமார் அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே மெழுகுதிரி ஏற்றிவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. என் விசுவாசம் அவர்களிடமிருந்து வந்தது.

அவர் உயிர் பிரிந்தபோது மலையிலிருந்து பெயர்ந்து விழுந்து மணிபோல் ஒலித்ததாகச் சொல்லப்படும் பாறையருகே ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். சிறு கல்லொன்றை என் கையில் வைத்து, “தட்டிப் பாரு மக்களே, பயப்படாத” என்றார். பலர் தட்டித் தட்டிப் பாறையில் வெள்ளையாகக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியிலேயே நானும் தட்டினேன். வெண்கல மணியின் ஓசையேதான். அப்பாவின் அடக்கத்தன்று எங்கள் கோயில் மணி அடிக்கப்படவில்லை. அவர் பெயரைச் சொல்லி இன்னும் இரண்டு முறை தட்டினேன். மூதாட்டி சிலுவை வரைந்துகொண்டார்.